பேய்ப் படத்த தியேட்டர்ல பாக்குறது நிஜமாவே வேற அனுபவமா? எந்த ஷோ, எந்த சீட்?

காவேரிக்கரை:

வணக்கம் மக்களே. நான் திருச்சி. பேய்ப் படம்னா எனக்கு உயிரு, ஆனா இதுவரைக்கும் பாத்தது முக்கால்வாசி வீட்லதான், ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு லேப்டாப்ல. தியேட்டர்ல பாத்தா அது வேற மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு போன மாசம் சித்தப்பா பசங்களோட ஒரு படத்துக்கு ஞாயித்துக்கிழமை சாயங்கால ஷோ போனோம். படம் நல்ல படம், அதுல எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனா ஹால்ல என்ன நடந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு இருட்டுல மாடிப்படி ஏறுறப்போ பின்வரிசைல இருந்து ஒருத்தன் "அக்கா போகாதீங்க அக்கா"ன்னு கத்துறான், மொத்த ஹாலும் சிரிக்குது, அந்த சீன் அத்தோட செத்துப் போச்சு. முன்னாடி வரிசைல ஃபோன நோண்டிக்கிட்டே இருக்காங்க, வெளிச்சம் நேரா நம்ம கண்ணுல அடிக்குது. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுது, பாவம் அந்தம்மா தூக்கிட்டு வெளிய போறதும் வர்றதுமா இருந்தாங்க. எனக்கு ஒரு இடத்துல கூட உடம்பு சிலிர்க்கல.

இதே டைரக்டரோட முந்தின படத்த வீட்ல பாத்தப்போ முடிஞ்சும் ரொம்ப நேரம் ஹால் லைட்ட அணைக்க மனசு வரல. அப்போ தியேட்டர்தான் பெஸ்ட்னு சொல்றது சும்மா சொல்றதா, இல்ல நான் போன ஷோவும் ஹாலும் சரியில்லையா? அடுத்த மாசம் வேலை விஷயமா சென்னை வர்றேன், அங்க நல்ல ஸ்க்ரீன் நிறைய இருக்கு, இன்னொரு தடவை ஒழுங்கா பாக்கணும்னு ஆசை. எந்த ஷோ போகலாம், எந்தப் பக்கம் உக்காரலாம், ஹால்ல என்ன பாத்து புக் பண்ணணும், தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

இன்னொரு விஷயம், எங்க அக்காவும் வர்றேங்கிறா. அவளுக்கு ஆசையும் இருக்கு பயமும் இருக்கு, டமால்னு சத்தம் வந்தா தூக்கி வாரிப் போட்ரும் அவளுக்கு. மாமா பையன் ஒருத்தனும் கேக்குறான், அவனுக்கு 15 வயசு. இவங்கள கூட்டிட்டுப் போலாமா?

வைகைப்பாலம்:

தம்பி, நீங்க எழுதினத படிச்சதும் முதல்ல கோவம்தான் வந்துச்சு, ஆனா அந்தக் கூட்டத்தையும் முழுசா குத்தம் சொல்ல முடியல எனக்கு. நம்ம ஆளுங்க பேய்ப் படத்துக்கு சிரிக்கிறதுக்குத் தயாராத்தான் வர்றாங்க, ஏன்னா அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு. 2007ல முனி, 2011ல காஞ்சனா வந்து சக்கப்போடு போட்டுச்சு, அப்புறம் 2014ல யாமிருக்க பயமே, அரண்மனை, அடுத்த வருஷம் டார்லிங், 2016ல தில்லுக்கு துட்டு, இப்படி வரிசையா வந்து பேய்னாலே பக்கத்துல ஒரு காமெடி நடிகர் நடுங்கிக்கிட்டு நிக்கணும்னு ஆகிப் போச்சு. அந்தப் படங்கள நானும் குடும்பத்தோட போய் ரசிச்சவன்தான், அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. ஆனா அதுல பழகின கூட்டம் சீரியஸான பேய்ப் படத்துலயும் எங்கடா சிரிக்கலாம்னு காத்துக்கிட்டே உக்காந்திருக்கு.

முன்னாடி இப்படி இல்ல. 1991ல உருவம்னு ஒரு படம் வந்துச்சு, மோகன் நடிச்சது, ஜி.எம்.குமார் டைரக்‌ஷன். நான் அத டூரிங் டாக்கீஸ்ல மண்தரைல உக்காந்து பாத்தேன். கொட்டாய்ங்கிறதால பொழுது சாய்ஞ்சப்புறம்தான் ஆட்டமே ஆரம்பிக்கும், பக்கவாட்டுல தடுப்புக்கு மேல வெறும் இருட்டு, வயக்காட்டு காத்து உள்ள வரும். சவுண்டு சிஸ்டம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஆனா ரெண்டாவது ஆட்டம் விட்டு கம்மாக்கரை மேல வீட்டுக்கு நடந்து போகணும் பாருங்க, அந்த நினைப்பு படம் பாக்குறப்பவே எல்லார் மனசுலயும் இருக்கும், அதனால ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். இன்னிக்கு படம் விட்டதும் ஃபுட் கோர்ட்டுக்குள்ள போயிடுறோம், பளிச்சுன்னு லைட்டு, பயம் அங்கயே கரைஞ்சிடுது.

2009ல யாவரும் நலம் மதுரைல பாத்தப்போ அந்தப் பழைய அமைதிய திரும்பப் பாத்தேன். விக்ரம் குமார் டைரக்‌ஷன், பி.சி.ஸ்ரீராம் கேமரா. அதுல கோரமான முகமெல்லாம் அதிகம் கிடையாது. லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது, டிவில ஓடுற சீரியல்ல இவங்க வீட்ல நடக்கிறதே நடக்கும், அவ்வளவுதான். முதல்ல கிண்டல் பண்ணிக்கிட்டிருந்த காலேஜ் பசங்க இடைவேளைக்கு அப்புறம் கப்சிப். பக்கத்துல இருக்கிற முகம் தெரியாத மனுஷனும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு பாக்குறான்னு தெரியுது பாருங்க, அது வீட்ல கிடைக்கவே கிடைக்காது தம்பி. அதுக்காகத்தான் நான் இன்னமும் தியேட்டருக்குப் போறேன்.

கத்துறவன் யாருன்னு கவனிச்சுப் பாருங்க, பெரும்பாலும் அவனுக்குத்தான் அந்த அமைதிய தாங்க முடியாது. பயத்த அடக்கத்தான் கூட்டாளிங்க முன்னாடி சத்தம் போடுறான். அதனால கூட்டாளி செட்டுங்க வராத ஷோவா பாத்துப் போங்க. வெள்ளி சனி ஞாயிறு வேணாம். செவ்வாய், புதன் ராத்திரிக் காட்சி. ரெண்டாவது வாரம் வரைக்கும் காத்திருந்தா படத்தையே தூக்கிடுவாங்க, அதனால முதல் வாரத்துலயே வார நாள்ல போயிடுங்க.

ஃபேடர் ஏழு:

நானு கோயமுத்தூர் பக்கம் தியேட்டர் ஆபரேட்டரா இருந்தவனுங்க, ஃபிலிம் ரீல் காலத்துல இருந்து டிஜிட்டல் வந்தப்புறம் வரைக்கும். ஹால் பத்திக் கேட்டீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பேய்ப் படத்துல பயம் முக்கியமா காது வழியாத்தான் உள்ள வருதுங்க. படத்தோட சத்தத்தையெல்லாம் சேத்து மிக்ஸ் பண்ற ஸ்டுடியோல ஒரு ஸ்பீக்கருக்கு 85 டெசிபெல்னு லெவல் வச்சு, அதுல உக்காந்துதான் டைரக்டரும் சவுண்டு டிசைனரும் முடிவு பண்றாங்க. தியேட்டர்ல இருக்கிற டால்பி ப்ராசஸர்ல வால்யூம 7ல வச்சா அதே சத்தம் நம்ம ஹால்லயும் வரணும், அதுதான் கணக்கு. ஆனா 7ல ஓட்டுற தியேட்டர் ரொம்பக் கம்மி. விளம்பரமும் ட்ரெய்லரும் காதக் கிழிக்குதுன்னு யாராவது சண்டைக்கு வருவாங்க, ஓனருக்கு ஸ்பீக்கர் போயிடுமோன்னு கவலை, 5க்கு இறக்குவாங்க, சில இடத்துல 4தான். அப்படியே விட்டுட்டு அடுத்த ஷோவுக்கும் அதேதான்.

சண்டைப் படத்துக்கு இதனால பெருசா நஷ்டம் இல்லீங்க. பேய்ப் படத்துக்குத்தான் அடி. ஏன்னா பேய்ப் படத்துல முக்கியமே சின்னச் சத்தம். கதவு லேசா கிறீச்சுங்கிறது, பின்னாடி யாரோ மூச்சு விடுறது, சமையக்கட்டுல ஒரு டம்ளர் உருள்றது. வால்யூம இறக்கினா இதெல்லாம் ஏசி சத்தத்துக்குக் கீழ போயிடும், ஒண்ணும் கேக்காது. ஸ்க்ரீன்ல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், ஜனங்க போர் அடிச்சு பேச ஆரம்பிப்பாங்க, அப்புறம் திடீர்னு டமால்னா எரிச்சல்தான் வரும். நீங்க போன ஹால்ல கூட்டம் கத்துச்சுங்கிறீங்க, அந்த ஹால்ல அமைதிக் காட்சி காதுல விழுந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. சத்தமே கேக்காத கூட்டம் தானா சத்தம் போடும், நான் பாத்திருக்கேன்.

அந்த டமால் விஷயத்துக்கு சினிமாக்காரங்க வச்சிருக்கிற பேரு லூட்டன் பஸ். 1942ல கேட் பீப்பிள்னு ஒரு அமெரிக்கப் படம், வால் லூட்டன் தயாரிச்சது. ராத்திரி ஒரு பொண்ணு தனியா ரோட்ல நடக்குது, பின்னாடி இன்னொருத்தி காலடிச் சத்தம், அப்புறம் அந்தக் காலடிச் சத்தம் நின்னு போகுது, ஒரே அமைதி, அந்தப் பொண்ணு பயந்து ஓடுறப்போ உஸ்ஸுன்னு சீறிக்கிட்டு ஒரு பஸ் வந்து நிக்குது. அவ்வளவுதானுங்க. பேயும் இல்ல பூதமும் இல்ல. பயந்தது பஸ்ஸப் பாத்து இல்ல, அதுக்கு முன்னாடி இருந்த அமைதியாலதான். அந்த அமைதிய ஹால் காப்பாத்தணும், அதுதான் நல்ல தியேட்டர்.

அடுத்தது கீழ்ச் சத்தம். 120 ஹெர்ட்ஸ்க்குக் கீழ இருக்கிற அதிர்வுக்குன்னு தனி சேனல் இருக்கு, ஸ்க்ரீனுக்குப் பின்னாடி பெரிய பெரிய சப் ஊஃபர் போட்டிருப்பாங்க. அது காதுல கேக்குறத விட நெஞ்சுலயும் சீட்லயும்தான் தெரியும். ஹெட்போன் எவ்வளவு காஸ்ட்லியா வாங்கினாலும் நெஞ்சு அதிராதுங்க. உங்க லேப்டாப்புக்கும் நல்ல தியேட்டருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

சென்னைல டால்பி அட்மாஸ் சவுண்டு இருக்கிற ஹாலா பாருங்க. 2012லதான் அந்த டெக்னாலஜியே வந்துச்சு, அந்த வருஷக் கடைசிலயே சிவாஜி 3டி-யோட சென்னை சத்யம் தியேட்டருக்கு வந்திடுச்சு. கூரைலயும் ஸ்பீக்கர் இருக்கும், மொத்தம் 64 ஸ்பீக்கர் வரைக்கும் தனித்தனியா சத்தம் அனுப்பலாம். மாடில யாரோ நடக்குறாங்கன்னா நிஜமாவே நம்ம தலைக்கு மேல நடப்பாங்க. ஆனா படமும் அட்மாஸ்ல மிக்ஸ் பண்ணியிருக்கணும், டிக்கெட் ஆப்ல அந்த ஷோவுக்கு நேரா போட்டிருப்பாங்க, பாத்துக்குங்க.

வெளிச்சமும் முக்கியம். ஸ்க்ரீன் நடுவுல 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் இருக்கணும்னு கணக்கு. ப்ரொஜெக்டர்ல இருக்கிற பழைய செனான் லேம்பு ஓட ஓட மங்கும், மாத்தச் செலவு ஜாஸ்தின்னு தள்ளிப் போடுவாங்க. பகல் சீன்ல அது தெரியாது. பேய்ப் படத்துல பாதி இருட்டுதான, அங்க கருப்பும் சாம்பலும் ஒண்ணாக் கலந்து ஒரே சகதியாத் தெரியும், மூலைல ஆள் நிக்கிறதே தெரியாது. 2024ல வந்த பிரமயுகம்ங்கிற மலையாளப் படம் முழுக்க கருப்பு வெள்ளை, மங்கின லேம்புல அத பாத்தவங்க பாதிப் படத்ததான் பாத்தாங்கன்னு சொல்லுவேன். லேசர் ப்ரொஜெக்டர் இருக்கிற ஸ்க்ரீனா கேட்டுப் போங்க.

சீட்டு ஸ்க்ரீன்ல இருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி, நடுவுல. கடைசி வரிசை வேண்டாம், பின்சுவத்து ஸ்பீக்கர் ஒண்ணே காதுல அடிக்கும், மத்ததெல்லாம் அமுங்கிடும். பால்கனிக்கு அடில வர்ற சீட்டும் வேண்டாம், மேல இருந்து வர்ற சத்தம் உங்களுக்கு வராது.

தாழம்பூ:

உங்க அக்கா விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா நானும் அந்த மாதிரி ஆள்தான், ஆனா ஒரு பேய்ப் படத்தையும் விடுறதில்ல.

முதல்ல அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க, தூக்கி வாரிப் போடுறது கோழைத்தனம் இல்ல. எதிர்பாக்காத சத்தம் வந்தா கண்ணு மூடுறதும் தோள் தூக்குறதும் உடம்போட ரிஃப்ளெக்ஸ், மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும், ஒரு நொடில இருபதுல ஒரு பங்கு கூட ஆகாது கண்ணு சிமிட்ட ஆரம்பிக்க. அது தைரியசாலிக்கும் வரும். ஏற்கனவே பயத்துல இருந்தாலும் இருட்டுல இருந்தாலும் மனுஷங்களுக்கு அது இன்னும் கூடும்னு ஆராய்ச்சி பண்ணி காட்டியிருக்காங்க. தியேட்டர்ல ரெண்டுமே இருக்கு, அப்புறம் எப்படி தூக்கிப் போடாம இருக்கும்? அதனால கூட வர்றவங்க யாரும் அக்காவ கிண்டல் பண்ணாதீங்க, வேணும்னே தொட்டு பயமுறுத்துறது, காதுல ஊதுறது, இதெல்லாம் சுத்தமா கூடாது. நான் ஒரு சொந்தக்காரப் பையனோட இனிமே படத்துக்கே போறதில்லன்னு வச்சிட்டேன், காரணம் அதுதான்.

பயந்தா எல்லாரும் கண்ண மூடுறாங்க, அது பிரயோஜனமே இல்ல. கண்ண மூடினா சத்தம் மட்டும் கேக்கும், மனசு அதவிட மோசமா கற்பனை பண்ணிக்கும். கண்ண திறந்து வச்சுக்கிட்டு காத லேசா விரலால மூடச் சொல்லுங்க. ஃபேடர் ஏழு அண்ணன் சொன்ன மாதிரி சவுண்டுதான் பெரிய வேலை பண்ணுது, அத பாதி குறைச்சா காட்சி வெறும் காட்சியாயிடும். சில பேரு ஃபோம் இயர்ப்ளக் பாக்கெட்ல வச்சிருப்பாங்க, வசனமும் கேக்கும், அந்த அடி மட்டும் மெத்துன்னு ஆகும்.

சீட்டு அவங்களுக்கு மட்டும் ஓரமா போடுங்க, நடக்கிற வழிக்குப் பக்கத்துல. எழுந்து வெளிய போலாம்ங்கிற தெம்பு இருந்தாலே பாதிப் பேரு முழுசா உக்காந்து பாத்திடுவாங்க. ராத்திரி ஷோ வேணாம், மதிய ஷோ போங்க, வெளிய வந்தா வெயில் இருக்கணும், நேரா எங்கயாவது போய் காபி சாப்ட்டு படத்த பத்தி வாய் விட்டு பேசுங்க. பேசாம மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு வந்து படுத்தாத்தான் தூக்கம் வராது. அவங்களுக்கு இதய பிரச்சனையோ, கர்ப்பமோ இருந்தா டாக்டர கேக்காம கூட்டிட்டுப் போகாதீங்க, இத நான் விளையாட்டுக்கு சொல்லல. வலிப்பு இருக்கிறவங்களுக்கு பளிச் பளிச்னு லைட் அடிக்கிற சீன் ஆபத்து, அதையும் கேட்டுக்கோங்க.

மாமா பையன் விஷயம், படம் ஏ சர்டிஃபிகேட்னா 15 வயசுக்கு சட்டப்படி அனுமதி கிடையாது, பெரியவங்க கூட இருந்தாலும் கிடையாது. 18 ஆகணும். யூஏன்னா இப்போ 7+, 13+, 16+ னு மூணா பிரிச்சிருக்காங்க, 2023ல சட்டத்த திருத்தி 2024ல விதி வந்துச்சு. யூஏ-ங்கிறது பெத்தவங்க பாத்து முடிவு பண்ணட்டும்னு சொல்ற வழிகாட்டல்தான், வாசல்ல தடுக்க மாட்டாங்க. யூஏ 13+ னா அவன் அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டு கூட்டிட்டுப் போங்க. 16+ னா நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

நீங்க எழுதின அந்தக் கைக்குழந்தைய நினைச்சா எனக்கு மனசு தாங்கல. அவ்வளவு சத்தம் அந்தப் பிஞ்சுக் காதுக்கு ஆகவே ஆகாது. வீட்ல விட்டுட்டு வர ஆள் இல்லாம அந்தம்மா தூக்கிட்டு வந்திருப்பாங்க, அவங்களும் எப்போ ஒரு படம் பாக்குறது? ஆனா டிக்கெட் கிழிக்கிற இடத்துல ஒருத்தர் தன்மையா எடுத்துச் சொல்லி, வேற படத்துக்கு மாத்திக் குடுத்திருந்தா குழந்தைக்கும் நல்லது, ஹாலுக்கும் நல்லது.

மழைக்கால இரவு:

எல்லாரும் தியேட்டர்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். எந்தப் பேய்ப் படம்ங்கிறத பொறுத்துதான் இடம். 2022ல பூதகாலம்னு ஒரு மலையாளப் படம், தியேட்டருக்கே வராம நேரா சோனி லிவ்ல வந்துச்சு, ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா மகனா நடிச்சது. ஒரு சாதாரண வாடகை வீடு, மனசு ஒடிஞ்சு போன ரெண்டு பேரு, அவ்வளவுதான் கதை. அந்தப் படத்த வீட்ல பாத்ததாலதான் அது என்னை அந்த ஆட்டு ஆட்டுச்சு. ஏன்னா படத்துல வர்ற அந்த ஹாலும் பெட்ரூமும் நம்ம வீடு மாதிரியே இருக்கு, படம் முடிஞ்சு தலைய திருப்பினா அதே மாதிரி ஒரு கதவு பாதி திறந்து நிக்குது. தியேட்டர்ல எனக்கு அந்தக் கதவு கிடையாதே. காவேரிக்கரை வீட்ல பாத்து பயந்தது ஹெட்போனால மட்டும் இல்ல, தனியா இருந்ததாலயும்தான்னு நினைக்கிறேன்.

பூதகாலத்த எடுத்த அதே ராகுல் சதாசிவன்தான் பிரமயுகமும் எடுத்தாரு. அது அப்படியே எதிர்ப்பக்கம். மனைன்னு சொல்ற இடிஞ்சு போன பெரிய வீடு, ஓயாத மழை, மம்முட்டி சிரிக்கிற சத்தம், இத போய் சின்ன ஸ்க்ரீன்ல பாக்குறது அந்தப் படத்துக்கு செய்யிற அநியாயம். அந்த மனைய விட்டு வெளிய போக முடியாதுங்கிறதுதான் கதையே, இருட்டு ஹால்ல உக்காந்திருக்கிற நமக்கும் அதேதான், பாஸ் பட்டன் கிடையாது. வீட்ல பயம் ஜாஸ்தியாச்சுன்னா நம்ம கை தானா ரிமோட்டுக்குப் போயிடுது. தியேட்டர்ல நிறுத்துற அதிகாரம் நம்மகிட்ட இல்ல, என்னைக் கேட்டா தியேட்டர் பயத்துக்கு அடிப்படையே அதுதான், சவுண்டுக்கும் மேல.

2015ல வந்த மாயா படத்துல இத வச்சே ஒரு விஷயம் பண்ணியிருப்பாங்க, ஒரு பேய்ப் படத்த தியேட்டர்ல தனியா உக்காந்து முழுசா பாத்தா பரிசுன்னு அறிவிப்பாங்க. நயன்தாரா காலி ஹால்ல உக்காந்திருக்கிற அந்தக் காட்சிய நான் கிட்டத்தட்ட காலியா இருந்த ஒரு காலைக் காட்சில பாத்தேன். சுத்தி இருந்த காலி சீட்டெல்லாம் படத்துக்குள்ள சேர்ந்த மாதிரி ஆயிடுச்சு. வைகைப்பாலம் ஐயா கூட்டத்தோட அமைதி பெருசுன்னு சொல்றாரு, அதுவும் உண்மை, ஆனா ஆளே இல்லாத ஹால் கிடைச்சா விட்டுடாதீங்க. வார நாள் காலைக் காட்சிய யோசிங்க.

இடைவேளைய பத்தி யாரும் சொல்லல. நம்ம டைரக்டருங்க இடைவேளைக்குன்னே ஒரு இடத்த எழுதிருவாங்க, அதனால அது உறுத்தாது. வெளிநாட்டுப் படத்துக்கு இடைவேளையே கிடையாது, இங்க நடுவுல எங்கயோ நிறுத்தி லைட்ட போடுறாங்க. ஒரு மணி நேரமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தின பயம் பாப்கார்ன் வாசனைல இறங்கிடுது. படம் திரும்ப ஆரம்பிச்சப்புறமும் பத்து நிமிஷம் ஆளுங்க தட்டோட நடந்துக்கிட்டே இருப்பாங்க. வெளிநாட்டுப் பேய்ப் படம்னா இதுக்கு மனச தயார் பண்ணிக்கங்க, இடைவேளைல ஃபோன எடுக்காதீங்க, பேச்சுக் கச்சேரிய ஆரம்பிக்காதீங்க, சீட்டுலயே இருங்க.

காவேரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. தாழம்பூ அக்கா எழுதினத எங்க அக்காகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன், ரிஃப்ளெக்ஸ்னு சொன்னதுல அவளுக்கு ரொம்ப நிம்மதி. மாமா பையனுக்கு வேற படம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இங்கிலீஷ் பேய்ப் படம்னா தமிழ் டப்பிங்ல போறதா, இங்கிலீஷ்லயே போறதா? அக்காவுக்கு இங்கிலீஷ் வேகமா பேசினா பிடிபடாது. டப்பிங்னா பேய் பேசுறது சில நேரம் வேற மாதிரி ஆயிடுதே.

கொம்தார் நிழல்:

வணக்கம், நான் பினாங்குல இருந்து எழுதுறேன். எங்க ஊர்ல பேய்ப் படத்துக்கு எப்பவுமே கூட்டம்தான், மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து பாப்போம். மலாய் பேய்ப் பட வரலாறே நம்ம நாட்டு ஆள் கையால வளர்ந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? பிரசவத்துல செத்துப் போன பொண்ணு பேயா வர்ற கதை இங்க பொந்தியானாக்னு சொல்வாங்க, அதை 1957ல சிங்கப்பூர்ல படமா எடுத்து பெரிய வெற்றி ஆக்கினவர் பி.என்.ராவ், இந்தியாவுல இருந்து வந்த டைரக்டர். மரியா மெனாடோ நடிச்சாங்க. அதுக்கப்புறம் பொந்தியானாக் படமா வரிசை கட்டி வந்துச்சு. எங்க பாட்டி தோட்டத்துல இருந்த காலத்துல அந்தப் பேய்க்கு பயந்து ராத்திரி வாழமரத்துப் பக்கமே போகமாட்டாங்களாம், அந்தக் கதைய கேட்டு வளர்ந்த எங்களுக்கு ஸ்க்ரீன்ல பாக்கிறப்போ வேற ஒரு நடுக்கம்.

டப்பிங் கேள்விக்கு வர்றேன். எங்க தியேட்டர்ல இங்கிலீஷ் படம்னா கீழ மலாய்லயும் சீனத்துலயும் எழுத்து ஓடும், குரல் அசல்தான். என் அனுபவத்துல பேய்ப் படத்துக்கு அசல் குரல்தான் நல்லது. 1973ல வந்த எக்சார்சிஸ்ட்ல அந்தச் சின்னப் பொண்ணு வாய்ல வர்ற பேய்க்குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ்னு ஒரு நடிகை குடுத்தது, அந்தப் படம் சவுண்டுக்கே ஆஸ்கர் வாங்குச்சு. அந்தக் குரல எடுத்துட்டா படத்துல என்ன மிச்சம் இருக்கு, சொல்லுங்க? ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, எழுத்து படிக்கிறவங்க கண்ணு கீழயே இருக்கும், மேல மூலைல ஏதாவது அசைஞ்சா தெரியாம போயிடும். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆகும், எல்லாரும் கத்துறப்போ என்ன ஆச்சுன்னு என்னைக் கேப்பாங்க. அதனால அக்காவுக்கு வசனம் புரியறதுதான் முக்கியம்னா தமிழ்லயே கூட்டிட்டுப் போங்க. கதை புரியாம பயம் வராது, வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

ஃபேடர் ஏழு:

கொம்தார் நிழல் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேனுங்க. டப்பிங்ல மாத்துறது வசனத்த மட்டும்தான், மியூசிக்கும் மத்த சத்தமும் அசல் கம்பெனிலருந்து தனியா வரும், அதுமேல தமிழ் குரல ஏத்துவாங்க. அதனால கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் உங்களுக்கு அப்படியே கிடைக்கும். 2025ல வந்த கான்ஜூரிங் லாஸ்ட் ரைட்ஸ் மாதிரி பெரிய படமெல்லாம் இங்கிலீஷோட அன்னிக்கே தமிழ்லயும் வந்திடுது. ஆனா ஒரே வளாகத்துல இங்கிலீஷ் ஷோ பெரிய அட்மாஸ் ஸ்க்ரீன்லயும் தமிழ் ஷோ சின்ன ஸ்க்ரீன்லயும் போடுறது நிறைய இடத்துல நடக்குது. மொழிய மட்டும் பாத்து புக் பண்ணாம எந்த ஸ்க்ரீன்னும் பாருங்க. நல்ல ஸ்க்ரீன்ல தமிழ் கிடைச்சா யோசிக்காம அக்காவோட அதுக்குப் போங்க.

கடைசியா, நேரத்துக்கு முன்னாடியே போய் உக்காருங்க. 1960ல சைக்கோ வந்தப்போ படம் ஆரம்பிச்சப்புறம் யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு ஹிட்ச்காக் தியேட்டர்காரங்களுக்கு கண்டிப்பா சொல்லி வச்சாரு. நம்ம ஊர்ல அது நடக்காது, டார்ச் அடிச்சுக்கிட்டு ஆளுங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க, நாமளாவது அந்த டார்ச்சா இருக்க வேண்டாம்.

சவுண்டு கம்மியா இருக்கு, படம் மங்கலா இருக்குன்னு தோணுச்சுன்னா பொறுத்துக்கிட்டு உக்காராதீங்க. முதல் பத்து நிமிஷத்துலயே வெளிய போய் மேனேஜர்கிட்ட தன்மையா, ஹால் பேரு சொல்லி, அமைதியான சீன்ல வசனம் கேக்கலைங்கன்னு சொல்லுங்க. சத்தம் ஏத்துங்கன்னு மட்டும் சொன்னா ஆபரேட்டர் பேருக்கு ஏத்திட்டு போயிடுவான். எந்த சீன்ல என்ன கேக்கலைன்னு குறிப்பா சொன்னா உள்ள வந்து நின்னு கேட்டுப் பாப்பான். நான் ஆபரேட்டரா இருந்தப்போ அப்படி வந்து சொன்னவங்க கொஞ்சம் பேருதான், சொன்ன ஒவ்வொரு தடவையும் கீழ இறங்கி வந்து ஹால்ல நின்னு கேட்டுத்தான் சரி பண்ணியிருக்கேன்.